பறிபோன பொருளுக்கு ஈடு எது?

கல்முனைக்கு மேற்கே, நீர்ப்பரப்பைக் கடந்து சென்றால் வயல்வெளிகளுக்கு நடுவே சொறிக்கல்முனை என்னும் ஊரைக் காணலாம். திருச்சிலுவை ஆலயத்தினாற் பெயர் பெற்றது அவ்வூர். அதனைச் சூழச் சைவத் தமிழர் வாழும் ஊர்களும், சம்மாந்துறை போன்ற பழம்பெரும் முஸ்லிம் ஊர்களும் உள்ளன. சமயம் வேறாயினும் தொழில் ஒன்றே. நெல்லும் மாடும் எல்லோர்க்கும் பொதுவான செல்வம். நெல்லும் மாடும் செல்வமாக உள்ள இடத்தில் வழக்கும் அவற்றைப் பற்றியே எழுவது இயல்பு. கட்டாக்காலி மாடுகள் இரவோடிரவாக ஒருவனுடைய வட்டையில் இறங்கிப் பயிரை மேய்ந்துவிடுகின்றன. குறிசுட்ட எருது ஒன்றை யாரோ ஓட்டிச் சென்றுவிடுகின்றான். அடித்து முடியாத சூட்டில் அயலான் மூட்டிய தீ பற்றிக்கொள்கின்றது.

பொருள் கையில் இருக்குமானால் "திருப்பிக் கொடு" என்று தீர்ப்புச் சொல்வது எளிது. மேய்ந்த பயிரை எவ்வாறு திருப்பிக் கொடுப்பது? இறந்துபோன எருதை எங்கிருந்து கொணர்வது? அப்பொழுது நீதிமன்றத்தின் முன் நிற்கும் வினா ஒன்றே: இழந்தவனை இழக்காதவன் போல ஆக்குவதற்கு எவ்வளவு பணம் வேண்டும்? மனித குலம் ஏறக்குறைய நாலாயிரம் ஆண்டுகளாக இவ்வினாவுக்கு விடை தேடி வந்திருக்கின்றது.

பாபிலோனிய மன்னன் அம்முராபி கல்லிற் பொறித்த சட்டத்தில், கூலிக்குப் பிடித்த எருதின் கண்ணைக் கெடுத்தவன் அதன் விலையிற் பாதியைக் கொடுக்க வேண்டும் என்றிருக்கின்றது. விவிலியத்தின் யாத்திராகமம் களவுபோன மாட்டைக் கொன்றோ விற்றோ விட்டவன் ஒன்றுக்கு ஐந்தாகத் திருப்பித் தரவேண்டும் என்றும், மாடு உயிரோடு அகப்பட்டால் இரட்டிப்பாகத் தரவேண்டும் என்றும் விதிக்கின்றது. பிறன் வயலில் தன் மாட்டை மேயவிட்டவனோ தன்னுடைய வயலின் சிறந்த விளைவிலிருந்து ஈடு செய்தல் வேண்டும். திருக்குர்ஆனின் 21 ஆம் அத்தியாயம் ஓர் ஆட்டு மந்தை இரவில் ஒருவருடைய விளைநிலத்தில் மேய்ந்த வழக்கைக் குறிப்பிடுகின்றது. நபி தாவூது அவர்கள் ஆடுகளையே நிலத்துக்குரியவருக்கு அளிக்கத் தீர்த்தார்கள் என்றும், நபி சுலைமான் அவர்கள் வேறொரு வழி கூறினார்கள் என்றும் விரிவுரையாளர் விளக்குவர். ஆட்டுக்குரியவர் நிலத்தைப் பண்படுத்திப் பயிரை முன்போல் ஆக்கித் தருதல் வேண்டும். அதுவரை ஆடுகளின் பாலும் மயிரும் நிலத்துக்குரியவரின் பயனுக்கு ஆகும். பயிர் பழைய நிலையை அடைந்ததும் அவரவர் பொருள் அவரவர்க்கே மீளும். இழப்பை ஈடுசெய்வதும், தவறியவனை முற்றாக அழித்துவிடாமல் இருப்பதும் ஒரு தீர்ப்பினுள் அமைந்திருப்பது எண்ணத்தக்கது.

தமிழர் மரபில் இத்தகைய வழக்கு என்றவுடன் நினைவுக்கு வருபவன் மனுநீதிச் சோழன். கன்றை இழந்த பசுவுக்கு அவன் பொருளால் ஈடு செய்ய முற்படவில்லை. தன் மகனையே கொடுக்கத் துணிந்தான். அறத்தின் உச்சியைக் காட்டும் கதை அது. ஆயினும் நாள்தோறும் வரும் வழக்குகளை அந்த உச்சியில் நின்று தீர்த்தல் இயலாது. அவற்றுக்கு அளவுகோல் வேண்டும்.

அளவுகோலை எடுக்குமுன் தீர்க்க வேண்டிய வினா ஒன்றுண்டு. பொருள் யாருடையது என்பதே அது. மதுரையில் கோவலனுக்கு நேர்ந்த கேடு இந்த வினாவைக் கேளாமல் விட்டதனால் விளைந்தது. சிலம்பினுள் இருந்த பரல் முத்தா, மாணிக்கமா என்று முன்னரே பார்த்திருப்பின் ஓர் உயிரும் ஒரு நகரும் பிழைத்திருக்கும். கீழ்க்கரையின் பட்டிக்காரர் இவ்வுண்மையை நன்கறிவர். மாட்டின் உடலிற் சுடப்படும் குறி அதன் உறுதிச் சீட்டுப் போன்றது. 1958 ஆம் ஆண்டின் விலங்குகள் சட்டம் குறிசுடுதல் பற்றி விதிகள் வகுத்ததும் இதன்பொருட்டே.

இனி, கல்முனைப் பகுதியில் எழும் நட்டஈட்டு வழக்கு எந்தச் சட்டத்தின்படி தீர்க்கப்படுகின்றது என்று வினவின், விடை வியப்பளிக்கும். யாழ்ப்பாணத்தில் தேசவழமை உண்டு. 1707 ஆம் ஆண்டில் ஒல்லாந்தர் அதனை எழுத்தில் வடித்தனர். மட்டக்களப்பு நாட்டில் முக்குவர் வழமை நிலவிற்று. முஸ்லிம்களுக்கென 1806 இல் ஒரு சட்டத் தொகுதி வெளியிடப்பட்டது. ஆனால் இவை பெரும்பாலும் மணம், சொத்துரிமை, வழியுரிமை என்பன பற்றியவை. ஒருவன் மற்றொருவனது பொருளுக்குச் செய்த கேட்டைப் பொறுத்தவரையில் தமிழர், முஸ்லிம், சிங்களவர் ஆகிய யாவரும் ஒரே சட்டத்துக்கு உட்பட்டவர். அதுவே உரோமன் ஒல்லாந்துச் சட்டம்.

ஒல்லாந்தர் 1638 இல் போர்த்துக்கேயரிடமிருந்து மட்டக்களப்புக் கோட்டையைக் கைப்பற்றினர். 1796 இல் இலங்கையின் கரைநாடுகள் ஆங்கிலேயர் வசமாயின. 1799 ஆம் ஆண்டு செப்டெம்பர் 23 ஆம் நாள் தேசாதிபதி பிரெடரிக் நோர்த் விடுத்த பிரகடனம், ஒல்லாந்தர் காலத்துச் சட்டங்கள் தொடர்ந்து நிலவும் என அறிவித்தது. ஒல்லாந்து நாடே பின்னர் பிரெஞ்சு வழிப்பட்ட சட்டக் கோவைக்கு மாறிவிட்டது. ஆனால் அங்கே கைவிடப்பட்ட பழஞ்சட்டம் தென்னாபிரிக்காவிலும் இலங்கையிலும் நிலைத்தது. அதன் வேரோ உரோமில் இருக்கின்றது.

உரோமர் கி.மு. 450 அளவில் பன்னிரு பலகைகளில் எழுதிய சட்டத்திலேயே பிறர் நிலத்தில் மேய்ந்த மாட்டுக்காக வழக்காடும் முறை கூறப்பட்டது. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில், 286 ஐ ஒட்டி நிறைவேறியதென அறிஞர் பலர் கருதும் அக்குவிலியச் சட்டம், பொருளுக்கு நேர்ந்த கேட்டை அளக்க முதன்முறையாகத் தெளிவான அளவுகோல் தந்தது. அடிமையையோ மந்தை விலங்கையோ தவறாகக் கொன்றவன், கடந்த ஓராண்டில் அதற்கிருந்த மிக உயர்ந்த விலையைக் கொடுத்தல் வேண்டும். பிற பொருள்களைக் கெடுத்தவனுக்கு முப்பது நாட்களை ஒட்டிய கணக்கு வகுக்கப்பட்டது. பொய்யாக மறுத்து வழக்காடித் தோற்றவன் இரட்டிப்பாகக் கொடுத்தான்.

கி.பி. 533 இல் பேரரசன் யுஸ்தீனியன் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலே இதுபற்றி உரோம அறிஞர் ஆராய்ந்த எடுத்துக்காட்டுகள் பல உள்ளன. ஒரு சோடிக் கோவேறு கழுதைகளில் ஒன்றைக் கொன்றவன் கொன்றதன் விலையை மட்டும் கொடுத்தாற் போதுமா? போதாது, சோடி குலைந்ததனால் எஞ்சியதற்கு நேர்ந்த விலைக் குறைவையும் கொடுத்தல் வேண்டும். உழவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. ஓர் ஏரிற் பழகிய எருதுச் சோடி 2,00,000 ரூபா பெறுமென்று வைத்துக்கொண்டால், ஒன்று போனபின் மற்றது 70,000 ரூபாவுக்கே விலைபோகலாம். அப்பொழுது உண்மையான இழப்பு 1,00,000 ரூபா அன்று, 1,30,000 ரூபாவாகும்.

மற்றோர் எடுத்துக்காட்டு கடலைப் பற்றியது. கப்பலோட்டிகளின் குற்றத்தால் மீனவருடைய வலை கிழிந்தது. வலையின் விலையைக் கேட்கலாம். பிடிபடாத மீனின் விலையைக் கேட்க முடியுமா? மீன் அகப்பட்டிருக்குமோ இல்லையோ என்பது நிச்சயமில்லை. ஆகவே அதற்கு விலை மதிப்பதில்லை என்று உல்பியன் என்னும் அறிஞர் எழுதினார். கல்முனைக் கரையிலே கரைவலை இழுப்போர் இவ்விடையை முழுவதும் ஏற்கமாட்டார். ஒரு பாட்டில் மீன் படாமற் போகலாம். ஆனால் ஒரு பருவம் முழுவதும் வலையின்றி இருந்தவனுக்கு இழப்பேயில்லை எனல் பொருந்துமா? பிற்காலச் சட்டம் இவ்விடத்தில் இளகியது. வெறும் ஆசையாக மட்டும் உள்ள இலாபம் தள்ளப்படும்; வழக்கமான போக்கிற் கிடைத்தே இருக்கும் என்று சான்றுகளால் காட்டக்கூடிய வருவாய் நட்டஈட்டிற் சேரும்.

மூன்றாவது விதி மனத்தைத் தொடுவது. ஒரு பொருளுக்கு உரியவன் அதன்மேல் வைத்த பற்றுக்கு விலை இல்லை. எல்லோரும் அதற்குத் தரும் விலையே விலை என்றார் பவுலுசு. தாயிடமிருந்து மகளுக்கு வந்த தாலிக்கொடி களவுபோனால் நீதிமன்றம் பவுணையும் செய்கூலியையும் கணக்கிடும், கண்ணீரைக் கணக்கிடாது. இது கல்நெஞ்சம் போலத் தோன்றலாம். ஆயினும் பற்றுக்கு விலை வைத்தால் அவரவர் சொன்னதே விலையாகிவிடும் என்று சட்டம் அஞ்சியது. ஆனால் ஒருவரை இழிவுபடுத்தும் கருத்தோடு பலர் காணப் பொருளைப் பறித்திருந்தால், மானக்கேட்டுக்கென வேறொரு வழக்குண்டு. அங்கே பொன்னின் நிறை நோக்கப்படுவதில்லை. மனிதனுடைய மதிப்பே நோக்கப்படுகின்றது.

குரோசியசு 1631 இல் வெளியிட்ட நூலிலும், இலெய்டன் பேராசிரியர் யொகான்னசு வூட் 1698 முதல் 1704 வரை வெளியிட்ட பெருநூலிலும் இவ்விதிகள் புதுக்கிக் கூறப்பட்டன. ஆண்டின் உயர்ந்த விலை, முப்பது நாள் என்ற பழங்கணக்குகள் மறைந்தன. இரட்டிப்புத் தண்டனையும் மறைந்தது. உண்மையான பொருளிழப்பே அளவாயிற்று. கேடு நேராதிருந்தால் ஒருவனுடைய உடைமை முழுவதும் எவ்வளவு பெறுமோ அதனையும், கேடு நேர்ந்தபின் எவ்வளவு பெறுகின்றதோ அதனையும் ஒப்பிட்டு, இடைப்பட்ட வேறுபாட்டைத் தருவதே நட்டஈடு. திருத்தக்கூடிய பொருளாயின் நியாயமான திருத்தக் கூலி அதற்குச் சான்றாகும். பொருளின் விலையை விஞ்சிய கூலி கிடைக்காது. மேயப்பட்ட பயிராயின் விதைநெல்லின் விலை மட்டும் போதாது; அறுவடையில் அது என்ன பெற்றிருக்கும் என்று அயல் வயலின் விளைவைக் கொண்டு கணித்து, அறுப்புக்கூலி, சூடடிப்புக்கூலி முதலிய மிச்சமான செலவுகளைக் கழித்தல் வேண்டும்.

தவறியவனுக்கும் திருடனுக்கும் சட்டம் ஒரே கண்ணைக் காட்டவில்லை. திருடன் எடுத்த கணம் முதல் திருப்பிக் கொடுக்கக் கடமைப்பட்டவன். ஒவ்வொரு நாளும் அவன் தவணை தவறியவனே. ஆகவே எடுத்த நாள் முதல் அப்பொருளுக்கு ஏறிய மிக உயர்ந்த விலையை அவனிடம் கேட்கலாம் என்று உரோமச் சட்டம் கூறிற்று. களவாடிய மாடு அவன் பட்டியில் நோயால் இறந்தாலும் அவன் தப்ப முடியாது.

விதிகள் தெளிவாயினும் சான்று கிடைப்பது அரிது. கெடுத்தவனே சான்றையும் கெடுத்திருப்பான். இதற்கு ஆங்கில நாட்டு வழக்கொன்று சிறந்த விடை தந்தது. 1722 இல் புகைபோக்கி துப்புரவு செய்யும் சிறுவன் ஒருவன் கல் பதித்த நகையொன்றைக் கண்டெடுத்து, விலை மதிப்பதற்காகப் பொற்கொல்லன் கடைக்குக் கொண்டுபோனான். கடையாள் கல்லைக் கழற்றிக்கொண்டு வெறுங்கூட்டைத் திருப்பிக் கொடுத்தான். சிறுவன் வழக்குத் தொடுத்தான். கல் நீதிமன்றத்துக்கு வரவேயில்லை. அதன் தரத்தை யார் அறிவார்? பொற்கொல்லன் கல்லைக் காட்டாவிடின், அந்தக் கூட்டிற் பொருந்தக்கூடிய கற்களுள் மிக உயர்ந்ததன் விலையையே அவன் தரவேண்டும் எனத் தீர்க்கப்பட்டது. சான்றை மறைப்பவன் அந்த மறைவினாற் பயனடையலாகாது என்பதே இதன் சாரம். ஏழைச் சிறுவனும் செல்வக் கடைக்காரனும் எதிரெதிர் நின்ற அவ்வழக்கு இன்றும் உலகின் பல நீதிமன்றங்களில் எடுத்துரைக்கப்படுகின்றது.

இலங்கையிலே ஒருவர் இருவரன்றிப் பல்லாயிரவரின் பொருள் ஒருசேரப் பறிபோன காலமும் உண்டு. 1915 ஆம் ஆண்டு மே மாத இறுதியிற் கண்டியில் மூண்ட கலகம் பல மாகாணங்களிற் பரவி, முஸ்லிம் வணிகரின் கடைகள் சூறையாடப்பட்டன. அவ்வாண்டிலேயே கலக நட்டஈட்டுக்கெனத் தனிக் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. சிறப்பு ஆணையாளர் இழப்பை மதித்தனர். அத்தொகை கலகம் நிகழ்ந்த பகுதிகளின் குடிகளிடமிருந்து அறவிடப்பட்டது. இழந்தவர்க்கு ஈடு கிடைக்கச் செய்தது அதன் நன்மை. குற்றம் செய்யாதவரும் செலுத்த நேர்ந்தது அதன் குறை. நட்டஈடு நீதியாக வேண்டுமாயின், எவ்வளவு என்பதோடு எவரிடமிருந்து என்பதும் சரியாக அமைதல் வேண்டும்.

பொருளை அழிக்காமல், அதன் பயனை மட்டும் பறித்தவன் நிலை என்ன? இங்கிலாந்தில் லிவர்பூல் துறைமுகச் சபையின் விளக்குக் கப்பல் ஒன்றை வேறொரு கப்பல் மோதிக் கெடுத்தது. சபையிடம் இத்தகைய தேவைக்கென மேலதிகக் கப்பல் இருந்தது. அதனைக் கொண்டு பணி தடையின்றி நடந்தது. "உங்களுக்கு இழப்பே இல்லையே" என்றனர் எதிராளிகள். 1900 இல் பிரபுக்கள் சபை அதனை ஏற்கவில்லை. ஒருவன் வீட்டிலிருந்து நாற்காலியை எடுத்துப்போய் ஓராண்டு வைத்திருந்தவன், அவன் வீட்டில் வேறு நாற்காலிகள் இருந்தன என்று சொல்லித் தப்பலாமா என்ற உவமையால் நீதிபதி இதனை விளக்கினார். பிறன் பொருளை வைத்திருந்த காலத்துக்கு வாடகை போன்றதோர் ஈடு உண்டு.

வேறு பொருள் இல்லாத ஏழையின் நிலையோ இதனினும் கடினமானது. உழவுக் காலத்தில் எருதை இழந்தவனிடம் பணமிருந்தால் மறுநாளே வேறொன்று வாங்குவான். பணமில்லாதவன் கூலிக்கு ஏர் பிடிப்பான், கடன் படுவான், அல்லது அப்போகத்தையே விட்டுவிடுவான். 1928 இல் கிரேக்க நாட்டுத் துறைமுகம் ஒன்றில் மண்வாரும் கப்பல் ஒன்று பிறர் குற்றத்தால் மூழ்கிற்று. உரிமையாளர்க்கு உடனே வேறு கப்பல் வாங்க வசதியில்லை. மிகுந்த வாடகைக்கு ஒன்றைப் பிடித்தனர். அந்த மேலதிகச் செலவு அவர்களது வறுமையால் வந்தது. எதிராளி அதற்குப் பொறுப்பல்லன் என்று 1933 இல் பிரபுக்கள் சபை தீர்த்தது. ஏழையின் இழப்புக்குச் செல்வன் இழப்பிலும் குறைந்த ஈடு என்பதே அதன் விளைவு. எழுபது ஆண்டுகள் இத்தீர்ப்பு நின்றது. 2003 இல், மோட்டார் வண்டி சேதமாகி, உடன்பணம் கொடுத்து வாடகை வண்டி பிடிக்க இயலாத வேலையற்ற ஒருவர் வழக்கில் அதே சபை அப்பழைய விதியைக் கைவிட்டது. கேடு செய்தவன் தன்னால் கேடுற்றவனை அவன் இருக்கும் நிலையிலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும். அவன் உடல் நலிந்தவனாயினும் சரி, பை நலிந்தவனாயினும் சரி.

பறித்தவன் அரசாங்கமாயின்? இந்தியாவில் 1947 செப்டெம்பரில் அமிர்தசரசிலிருந்து மீரட் நகருக்கு வந்த பொன் வணிகர் ஒருவரிடமிருந்து பொலிசார் பொன்னும் வெள்ளியும் கைப்பற்றினர். வெள்ளி திரும்பி வந்தது, பொன் வரவில்லை. அதனைக் காவலில் வைத்திருந்த தலைமைக் காவலர் பொன்னோடு பாகிஸ்தானுக்கு ஓடிவிட்டார். 1964 இல் உச்ச நீதிமன்றம், பொலிசாரின் செயல் அரசின் இறைமை சார்ந்த பணி என்று கூறி வழக்கைத் தள்ளிற்று; ஆயினும் சட்டம் திருந்த வேண்டும் என்று வருத்தத்தோடு குறித்தது. 1994 இல், கைப்பற்றிய தானியத்தையும் உரத்தையும் கேட்பாரற்றுக் கெடவிட்ட வழக்கில் அதே நீதிமன்றம் அரசைப் பொறுப்பாக்கிற்று. இலங்கையில் முடிக்குரிய அரசைத் தீங்கியல் வழக்கிற்கு இழுக்க இயலாதென்ற தடையை 1969 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டம் நீக்கியது.

சட்டம் எவ்வளவு செம்மையாக இருந்தாலும் உழவன் எட்டும் தூரத்தில் அது இருத்தல் வேண்டும். 1871 இல் கிராமக் கோடுகள் ஏற்பட்டமையும், 1958 இல் இணக்கச் சபைகளும் 1988 இல் மத்தியஸ்த சபைகளும் சட்டத்தால் நிறுவப்பட்டமையும் இந்நோக்கத்தினாலேயே. கிராமக் கோடுகளும் இணக்கச் சபைகளும் மறைந்துவிட்டன. மத்தியஸ்த சபைகள் இன்றும் உள்ளன. காலக்கெடு ஒன்றும் மறத்தற்குரியதன்று: பொருளுக்கு நேர்ந்த கேட்டுக்கான வழக்கை இரண்டு ஆண்டுகளுக்குள் தொடுத்தல் வேண்டும் என்பது 1871 ஆம் ஆண்டுக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டத்தின் முடிவு.

நட்டஈடு செலுத்தும் கடனாளியையும் சட்டம் மறந்துவிடவில்லை. 1889 ஆம் ஆண்டின் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவை, தீர்ப்பை நிறைவேற்றும் பொழுதும் உழவனுடைய உழவுக் கருவிகளையும், அவன் பிழைப்புக்கு வேண்டும் என்று நீதிமன்றம் கருதும் மாடுகளையும் விதைநெல்லையும் கைப்பற்றலாகாது என்று விலக்கியது. ஆட்டு மந்தையையும் அழியவிடாமல் பயிரையும் மீட்டுத் தந்த பழந்தீர்ப்பின் கருணை இங்கே வேறொரு வடிவில் நிற்கின்றது.

உரோமில் எழுந்து ஒல்லாந்தில் வளர்ந்து கடல் கடந்து வந்த சட்டம் சொறிக்கல்முனை வயல்வெளிக்கு அந்நியமானது போலத் தோன்றலாம். உற்று நோக்கின் அவ்வாறன்று. மேய்ந்த மாட்டுக்கும், குலைந்த சோடிக்கும், கிழிந்த வலைக்கும் நீதி தேடிய மக்கள் எங்கும் ஒரே வகையினரே. கல்முனை நீதிமன்றத்திலே தமிழரோ முஸ்லிமோ இழந்த பொருளுக்கு ஈடு கேட்டு நிற்கும்பொழுது, அவர்க்கு ஒரே அளவுகோலே பிடிக்கப்படுகின்றது. அவ்வளவுகோல் வறியவன் கையில் குறுகாமலும் வலியவன் கையில் நீளாமலும் இருக்கும்வரை, ஊரவர் வழக்கை நீதிமன்றத்திற் தீர்த்துக்கொள்வர். வயல் வரப்பிலே தீர்த்துக்கொள்ள முற்படார்.